பொது இழைத்தொகுதியும் ஒத்தியங்காப் பணிகளும்: மென்பொருள் வடிவமைப்பில் பகிர்வின் பயனும் வரம்பும்

1. முன்னுரை

கணினியில் ஒரு கோப்பு பதிவிறங்கிக் கொண்டிருக்கும்போதே பயனர் மற்றொரு கட்டுரையைத் தட்டச்சு செய்ய முடிகிறது. ஒரு பணி முடியும்வரை அடுத்த பணி காத்திராமல், இரண்டும் தத்தம் போக்கில் நடைபெறுமாறு நிரலை அமைப்பதே ஒத்தியங்காப் பணிமுறை எனப்படுகிறது. இன்றைய மென்பொருள்களில் இம்முறை இல்லாதவை அரிது. இத்தகைய பணிகளைப் பின்னணியில் நிறைவேற்றுவதற்குப் பெரும்பாலான நிரல்மொழிகள் ஒரு பொது ஏற்பாட்டை வைத்துள்ளன. அதுவே பொது இழைத்தொகுதி ஆகும்.

இதனை விளக்க முற்பட்டமைக்கு ஒரு நிகழ்வு காரணமாயிற்று. இக்கட்டுரையாளர் வழிநடத்திய இளங்கலை மாணவர் ஒருவர், தமிழ்ப்பள்ளி மாணவரின் கட்டுரைகளைத் திருத்த உதவும் சிறு மென்பொருள் ஒன்றைத் தம் திட்டப்பணியாக ஜாவா மொழியில் உருவாக்கியிருந்தார். அது ஒவ்வொரு கட்டுரையிலும் உள்ள சொற்களைப் பிரித்து, இணையவழி அகராதிச் சேவை ஒன்றுடன் ஒப்பிட்டு, ஐயத்திற்குரிய சொற்களை அடையாளமிட்டுக் காட்டும். ஆசிரியர் அதே திரையில் தம் குறிப்புகளை எழுதிச் சேமிக்கலாம். ஐந்து கட்டுரைகளைக் கொண்டு சோதித்தபோது அனைத்தும் செம்மையாக நடந்தன. பின்னர் ஓர் ஆசிரியை இரு வகுப்புகளைச் சேர்ந்த 40 கட்டுரைகளை அதில் ஏற்றி, திருத்தத் தொடங்கினார். திரை உறையவில்லை, பொத்தான்கள் உடனுக்குடன் இயங்கின. பதினொரு கட்டுரைகளுக்குக் குறிப்பெழுதி, ஒவ்வொரு முறையும் 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தினார். பாடவேளை முடிந்ததும் மென்பொருளை மூடிச் சென்றார். மறுநாள் திறந்து பார்த்தபோது பதினொரு குறிப்புகளுள் ஒன்றுகூட இல்லை.

நிரலில் தவறான வரி எதுவும் இருக்கவில்லை. தவறு பணிகள் பகிர்ந்துகொண்ட இடத்தில் இருந்தது. அவ்விடம் எவ்வாறு இயங்குகிறது, ஏன் அது தேவைப்படுகிறது, எங்கே அது துன்பம் விளைவிக்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கலைச்சொற்கள் பற்றிய ஒரு குறிப்பு

ஆங்கிலத்தில் 'திரெட்' எனப்படுவதைத் தமிழில் 'இழை' என்று வழங்குகிறோம். 'நூல்' என்னும் சொல் புத்தகத்தையும் குறிப்பதால் மயக்கம் தரும், 'இழை' அவ்வாறன்று. ஒரு நிரலுக்குள் தனித்தனியே முன்னேறிச் செல்லும் கட்டளைத் தொடர் ஒவ்வொன்றும் ஓர் இழையாகும். பல இழைகள் சேர்ந்து ஒரு கயிறாவதுபோல், பல கட்டளைத் தொடர்கள் சேர்ந்து ஒரு நிரலாக இயங்குகின்றன.

'திரெட்பூல்' என்பதனைச் சிலர் 'இழைக்குளம்' என மொழிபெயர்ப்பதுண்டு. இது பொருந்துவதாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் 'பூல்' என்னும் வடிவில் வேறு வேறு வேர்களைக் கொண்ட இரு சொற்கள் உள்ளன. நீர்நிலையைக் குறிப்பது ஒன்று. மற்றொன்று, விளையாட்டில் அனைவரும் இடும் பணயத்தொகையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, பலரும் பகிர்ந்துகொள்ளும் பொதுச்சேமிப்பு என்னும் பொருளைப் பெற்றது. கணினித் துறையில் வழங்குவது இரண்டாவது சொல்லே. எனவே 'இழைத்தொகுதி' என்பதே ஏற்புடையது. நிரலின் பல பகுதிகளும் ஒரே தொகுதியைப் பயன்படுத்தும்போது 'பொது இழைத்தொகுதி' எனலாம். நீர்நிலையின் பெயரைத்தான் ஆளவேண்டும் என்போர் 'ஊருணி' என்னும் சொல்லை எண்ணிப்பார்க்கலாம். ஊர் முழுவதற்கும் பொதுவானது என்ற பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

3. தொகுதி ஏன் தேவைப்படுகிறது

ஒவ்வொரு பணிக்கும் ஒரு புதிய இழையை உருவாக்கி, பணி முடிந்ததும் அதனைக் கைவிடுவது எளிய வழியாகும். ஜாவா தொடங்கிய காலத்திலிருந்தே இவ்வழி அம்மொழியில் இருந்து வந்துள்ளது. ஆயின் இழை என்பது விலையின்றிக் கிடைப்பதன்று. இயங்குதளம் ஒவ்வோர் இழைக்கும் தனி அடுக்கு நினைவகத்தை ஒதுக்க வேண்டும். 64 பிட் லினக்ஸில் இயங்கும் ஜாவாவில் இது இயல்பாக 1 மெகாபைட் ஆகும். ஆயிரம் இழைகளை உருவாக்கினால் அடுக்குகளுக்கு மட்டுமே ஏறத்தாழ 1 கிகாபைட் முகவரிப் பரப்பு ஒதுக்கப்படுகிறது. அன்றியும், செயலி ஓர் இழையை விட்டு மற்றோர் இழைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் செலவாகிறது. இழைகள் மிகுந்தால், பணி செய்யும் நேரத்தைவிட மாறும் நேரம் பெருகக்கூடும்.

இதற்கு மாற்றாக, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இழைகளை உருவாக்கி வைத்து, வரும் பணிகளை ஒரு வரிசையில் நிறுத்தி, ஓய்வாக உள்ள இழை வரிசையின் முன்னுள்ள பணியை எடுத்துச் செய்யுமாறு அமைப்பதே இழைத்தொகுதி. பணியை முடித்த இழை அழிக்கப்படுவதில்லை. அடுத்த பணிக்கு வருகிறது.

இதனை ஓர் அலுவலகத்துடன் ஒப்பிடலாம். ஒவ்வொரு கடிதத்திற்கும் ஓர் எழுத்தரைப் பணியமர்த்தி, கடிதம் முடிந்ததும் அவரை அனுப்பிவிடும் அலுவலகம் இல்லை. மூன்று எழுத்தர்கள் இருப்பார்கள். எல்லாப் பிரிவுகளின் கடிதங்களும் ஒரே தட்டில் வந்து சேரும். ஓய்வாக இருப்பவர் மேலுள்ளதை எடுத்துக்கொள்வார். பிரிவுகள் எழுத்தர்களைப் பகிர்ந்துகொள்வதால் செலவு குறைகிறது.

ஜாவாவில் இவ்வேற்பாடு 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், டக் லீ தலைமையில் உருவான ஒருங்கியங்கு நூலகத்தின் வழியாக முறையான வடிவம் பெற்றது. 2014-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு ஒரு படி மேலே சென்றது. நிரலர் எதனையும் உருவாக்காமலேயே நிரல் முழுவதற்கும் பொதுவான ஒரு தொகுதி கிடைக்கலாயிற்று. 'கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சர்' வழியாக அனுப்பப்படும் பணிகள், வேறு தொகுதி குறிப்பிடப்படாதபோது இப்பொதுத் தொகுதிக்கே செல்கின்றன. அதன் இயல்பான அளவு, செயலியின் கருக்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 4 கருக்கள் கொண்ட கணினியில் மூன்று இழைகள். எஞ்சியது பணியை அனுப்பும் இழைக்கு என்பது கணக்கு.

4. குறிப்புகள் காணாமற்போன விதம்

முன்னர்ச் சுட்டிய மென்பொருள் 4 கருக்கள் கொண்ட கணினியில் இயங்கியது. ஆகவே அதன் பொதுத் தொகுதியில் மூன்று இழைகளே இருந்தன. ஒவ்வொரு கட்டுரையிலும் ஏறத்தாழ 200 வேறுபட்ட சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிச் சேவையிலிருந்து விடை வர 0.3 நொடி. ஆகவே ஒரு கட்டுரைக்கு 60 நொடி. இந்நேரத்தில் செயலி செய்த வேலை மிகச் சிறிது. இழை விடையை எதிர்நோக்கி வாளா இருந்ததே மிகுதி. 40 கட்டுரைகளை மூன்று இழைகள் பகிர்ந்தால் 14 சுற்றுகள். அதாவது ஏறத்தாழ 14 நிமிடம்.

ஆசிரியை அழுத்திய ஒவ்வொரு 'சேமி'யும் அதே வரிசையின் கடைசியில் போய் நின்றது. ஒரு குறிப்பைச் சேமிக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆயினும் முன்னே நின்ற 40 பணிகளும் முடியும்வரை அது தொடங்கப்படவே இல்லை. திரையைக் கவனிக்கும் முதன்மை இழை தனியானது என்பதால் அது தடைப்படவில்லை. எனவே எல்லாம் நன்றாக நடப்பதுபோன்ற தோற்றமே ஆசிரியைக்குக் கிட்டியது.

இன்னும் ஒன்று. ஜாவாவின் பொதுத் தொகுதியில் உள்ள இழைகள் 'டீமன்' வகையைச் சார்ந்தவை. அவை நிரல் மூடப்படுவதைத் தடுப்பதில்லை. முதன்மை இழை முடிந்ததும், வரிசையில் நிற்கும் பணிகள் எச்சரிக்கை ஏதுமின்றிக் கைவிடப்படுகின்றன. ஆசிரியை மென்பொருளை மூடிய அந்நொடியில் பதினொரு குறிப்புகளும் மறைந்தன.

அலுவலக ஒப்புமையில் கூறினால், மூன்று எழுத்தர்களும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையின் விடைக்குக் காத்திருந்தனர். ஒரு முத்திரை இட வேண்டிய தாள்கள் தட்டில் கிடந்தன. அலுவலகம் மூடப்பட்டபோது தட்டிலிருந்தவை குப்பைக்குப் போயின.

5. பகிர்வினால் எழும் இடர்கள்

5.1 பட்டினி நிலை

மேற்கண்டது பட்டினி நிலை எனப்படும். காத்திருக்கும் பணிகள் எல்லா இழைகளையும் பிடித்துக்கொள்வதால், உழைக்கவேண்டிய பணிகளுக்கு இழை கிடைப்பதில்லை. இது ஜாவாவுக்கு மட்டும் உரியதன்று. நோட் ஜேஎஸ் தளத்தின் அடித்தளமாகிய 'லிப்யூவி' நூலகத்தின் தொகுதியில் இயல்பாக நான்கு இழைகளே உள்ளன. கோப்புகளைப் படித்தல், இணையப் பெயரை முகவரியாக மாற்றுதல், சில மறையாக்கக் கணக்குகள் ஆகியவை அந்நான்கையே பகிர்ந்துகொள்கின்றன. பெயர் மாற்றும் சேவையகம் மெதுவாக விடையளித்தால், அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத கோப்புப் படித்தலும் தாமதமாகிறது. நிரலின் இரு பகுதிகள் ஒன்றையொன்று அறியாமலேயே ஒன்றையொன்று தடுக்கின்றன என்பது இங்கே கருதத்தக்கது.

5.2 முட்டுநிலை

பட்டினி நிலையில் பணி தாமதமாகிறது. முட்டுநிலையில் பணி என்றுமே முடிவதில்லை. மூன்று இழைகள் கொண்ட ஒரு நிலைத்த தொகுதியில் மூன்று கட்டுரைப் பணிகள் இயங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் எழுத்துப்பிழைச் சோதனையை ஓர் உட்பணியாக அதே தொகுதிக்கு அனுப்பிவிட்டு, அதன் விடைக்குக் காத்திருக்கிறது. உட்பணிகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றை எடுத்துச் செய்ய வேண்டிய மூன்று இழைகளும் அவ்வுட்பணிகளின் விடைக்கே காத்திருக்கின்றன. இரண்டு கட்டுரைகளைக் கொண்டு சோதித்தால் இது வெளிப்படாது; மூன்றாவது கட்டுரை வந்ததும் அனைத்தும் நின்றுவிடும். ஆகவேதான், தொகுதிக்குள் இயங்கும் பணி அதே தொகுதியின் மற்றொரு பணிக்காகக் காத்திருத்தல் ஆகாது என்பது இத்துறையின் முதல் விதியாகக் கருதப்படுகிறது. ஜாவாவின் பொதுத் தொகுதி, காத்திருக்கும் இழை பிற பணிகளை எடுத்துச் செய்யும் உத்தியால் இவ்விடரைச் சில இடங்களில் தணிக்கிறது. எனினும் இணையத்திலிருந்து வரும் விடைக்குக் காத்திருக்கும் இழைக்கு அவ்வுத்தி உதவுவதில்லை.

5.3 எச்சமும் மௌனமும்

மேலும் இரண்டு இடர்கள் உள்ளன. இழை மீண்டும் மீண்டும் பயன்படுவதால், முந்தைய பணி அவ்விழைக்கென வைத்துச் சென்ற தகவல் அடுத்த பணிக்கும் தெரியக்கூடும். ஒரு மாணவரின் பெயரை இழைக்குரிய நினைவிடத்தில் வைத்துவிட்டு நீக்க மறந்தால், அடுத்த மாணவரின் மதிப்பெண் முந்தையவரின் பெயரில் பதிவாகும் வாய்ப்புண்டு. பணி முடிந்ததும் அவ்விடத்தைத் துடைத்து வைப்பது நிரலரின் கடமையாகும்.

இரண்டாவது, பின்னணிப் பணியில் நேரும் பிழை மௌனமாக மறைந்துவிடுதல். தொகுதிக்கு அனுப்பிய பணி பிழையுற்றால், அப்பிழை அதன் விடைப்பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். விடையை யாரும் கேட்காவிடில் பிழையையும் யாரும் அறியார்.

6. ஆண்ட்ராய்டு தரும் வரலாற்றுப் பாடம்

பொதுத் தொகுதியின் பயனுக்கும் இடருக்கும் இடையே ஒரு பெரிய நிறுவனமே எவ்வாறு தடுமாறியது என்பதற்கு ஆண்ட்ராய்டின் 'ஏசிங்க் டாஸ்க்' என்னும் கருவி சிறந்த சான்றாகும். ஆண்ட்ராய்டில், தொடுதலுக்குச் செயலி 5 நொடிக்குள் எதிர்வினை காட்டாவிடில் 'பதிலளிக்கவில்லை' என்னும் அறிவிப்பு தோன்றும். ஆகவே நீண்ட பணிகளை முதன்மை இழையிலிருந்து விலக்கியே ஆகவேண்டும். அதற்காக 2009-ஆம் ஆண்டு 1.5 ஆம் பதிப்பில் இக்கருவி அறிமுகமானது.

தொடக்கத்தில் எல்லாப் பணிகளும் ஒரே பின்னணி இழையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. அதே ஆண்டு வெளிவந்த 1.6 ஆம் பதிப்பில், பல பணிகள் ஒரே நேரத்தில் நடைபெறும் இழைத்தொகுதியாக அது மாற்றப்பட்டது. விரைவு கூடியது, ஆயின் வரிசை ஒழுங்கு குலைந்தது. முதலில் அனுப்பிய பணி முதலில் முடியும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பிழைபட்டன. எனவே 2011-இல் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பு முதல் மீண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் முறையே இயல்பாக்கப்பட்டது. இணைச்செயலாக்கத்தால் நேரும் பொதுவான பிழைகளைத் தவிர்ப்பதற்காகவே இம்மாற்றம் என அதன் ஆவணம் கூறுகிறது. இணையாக இயங்க விரும்புவோர் அதனை வெளிப்படையாகக் கேட்க வேண்டியதாயிற்று. இறுதியில் 2020-ஆம் ஆண்டு, 11 ஆம் பதிப்பில், இக்கருவி பயன்பாட்டிற்குப் பரிந்துரைக்கப்படாததாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. எல்லாப் பணிகளுக்கும் பொருந்தும் ஒரே இயல்புநிலை இல்லை. வரிசை முதன்மையான பணிக்கு ஓர் இழை போதும். விரைவு முதன்மையான பணிக்குப் பல வேண்டும். எது எதுவென்று நிறுவனத்தால் முடிவுசெய்ய இயலாது. பணியின் இயல்பை அறிந்த நிரலரே முடிவுசெய்ய வேண்டும்.

7. தொகுதியின் அளவு

எத்தனை இழைகள் வேண்டும் என்பதற்கு, பிரையன் கெட்ஸும் பிறரும் 2006-இல் வெளியிட்ட ஜாவா ஒருங்கியக்க நூல் ஒரு வாய்பாட்டைத் தருகிறது. கருக்களின் எண்ணிக்கை, செயலியை எவ்வளவு பங்கு பயன்படுத்த விரும்புகிறோம் என்னும் அளவு ஆகியவற்றின் பெருக்கத்தை, 'ஒன்றுடன் காத்திருக்கும் நேரத்திற்கும் கணிக்கும் நேரத்திற்கும் உள்ள விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால்' பெருக்க வேண்டும். 4 கருக்கள் கொண்ட கணினியை முழுமையாகப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஒரு பணி 10 மில்லிநொடி கணித்து 90 மில்லிநொடி காத்திருந்தால், 4 × (1 + 9) = 40 இழைகள் தேவை. காத்திருத்தலே இல்லாத கணிப்புப் பணியாயின் 4 × (1 + 0) = 4 இழைகள் போதும்.

ஒரே கணினியில் ஒரு வகைப் பணிக்கு 40, மற்றொரு வகைக்கு 4 எனும்போது, இரண்டையும் ஒரே தொகுதியில் இடுவது எவ்வளவு பொருந்தாதது என்பது இக்கணக்கினாலேயே தெளிவாகிறது. பொதுத் தொகுதியின் இயல்பான அளவு கணிப்புப் பணிகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. காத்திருக்கும் பணிகளுக்கு அது ஏற்ற இடமன்று.

2023-இல் வெளிவந்த ஜாவா 21 ஆம் பதிப்பின் மெய்நிகர் இழைகள் இச்சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்த்துள்ளன. அவை மிகக் குறைந்த செலவில் உருவாவதால், காத்திருக்கும் பணி ஒவ்வொன்றுக்கும் புதியதோர் இழையைத் தரலாம். அவற்றைத் தொகுதியாக்கவே வேண்டாம் என்பது அதன் வடிவமைப்பாளரின் அறிவுரை. எனினும் அகராதிச் சேவையால் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய வேண்டுகோள்களின் எண்ணிக்கை அதனால் கூடிவிடாது. அவ்வரம்பை வேறு வழியில் காத்தாக வேண்டும்.

8. மென்பொருள் திருத்தப்பட்ட முறை

அம்மாணவர் தம் மென்பொருளை மூன்று மாற்றங்களால் சீர்செய்தார். முதலாவது, அகராதிச் சேவையை நாடும் பணிகளுக்கு எட்டு இழைகள் கொண்ட தனித் தொகுதி ஒன்றை அமைத்தார். வாய்பாட்டின்படி இன்னும் பல இழைகளை வைத்திருக்கலாம். ஆயின் அயலாரின் சேவையை நெருக்குதல் முறையன்று என்பதால் எட்டுடன் நிறுத்தினார். 40 கட்டுரைகள் ஐந்து சுற்றுகளில், ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் முடிந்தன. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் காத்திருக்கும் நேர வரம்பும் விதிக்கப்பட்டது.

இரண்டாவது, சேமித்தலுக்கு ஒரே ஓர் இழை கொண்ட தனித் தொகுதி. ஒரே குறிப்பை ஆசிரியர் இருமுறை சேமித்தால் பிந்தியதே நிலைக்க வேண்டும். ஆகவே இங்கு வரிசை ஒழுங்கு இன்றியமையாதது. இவ்விழை 'டீமன்' வகையன்று. மென்பொருளை மூடும்போது, நிலுவையிலுள்ள சேமிப்புகள் முடிந்த பின்னரே அது மூடப்படும்.

மூன்றாவது, 'சேமிக்கப்பட்டது' என்னும் சொல் பொத்தானை அழுத்தியவுடன் தோன்றாமல், கோப்பில் எழுதி முடித்த பின்னரே தோன்றுமாறு செய்யப்பட்டது. பிழை நேர்ந்தால் அதுவும் திரையில் அறிவிக்கப்படும். நிரலின் அளவில் இது மிகச் சிறிய மாற்றம்; ஆசிரியரின் நம்பிக்கையைப் பொறுத்தவரை இதுவே பெரியது.

9. முடிவுரை

பொது இழைத்தொகுதி என்பது செலவைக் குறைக்கும் நல்லதோர் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. குறுகிய கணிப்புப் பணிகளுக்கு அதனினும் எளிய வழி வேறில்லை. ஆயின் பொதுவானது என்பதனாலேயே அதற்கு ஒரு நெறி தேவைப்படுகிறது. அதனுள் நுழையும் பணி விரைவில் முடிந்து வெளியேற வேண்டும். அதனுள் அமர்ந்துகொண்டு பிறிதொன்றுக்காகக் காத்திருத்தல் ஆகாது. காத்திருக்க வேண்டிய பணிக்கும் இழந்துவிடலாகாத பணிக்கும் தனியிடம் அமைத்தல் வேண்டும்.

பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மென்பொருள் உருவாக்குவோரிடம் தமிழாசிரியர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. ஒரு வகுப்பு முழுவதன் ஆக்கங்களையும் ஒரே நேரத்தில் ஏற்றிச் சோதித்தீர்களா? வெளிச்சேவை மெதுவானால் சேமிப்பும் மெதுவாகுமா? சேமிப்பு முடியுமுன் மூடினால் என்ன நேரும்? பின்னணியில் பிழை நேர்ந்தால் எமக்கு எவ்வாறு தெரியும்? இவற்றைக் கேட்பதற்கு நிரலாக்கப் பயிற்சி தேவையில்லை. இவற்றுக்கு விடை கூற இயலாத மென்பொருளிடம் மாணவரின் எழுத்தை ஒப்படைக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.